'எல்லாம் சரிதான், மிஸ்ஸி'

பதினெட்டாம் மாத ஊசி நாளை எந்த வீட்டிலும் மறக்க மாட்டார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் அடிக்கும், இரவெல்லாம் சிணுங்கும், மறுநாள் யாராவது ஒருவர் வேலைக்கு லீவு போட வேண்டிவரும். அதே நாளில் கிளினிக்கில் நடக்கும் இன்னொரு காரியம்தான் மறந்துபோகிறது. எடையும் உயரமும் தலைச் சுற்றளவும் எடுத்த பிறகு, மிஸ்ஸி என்று நாம் அழைக்கும் தாதி ஒரு தாளைப் புரட்டித் தாயிடம் சில கேள்விகள் கேட்கிறார். மற்றப் பிள்ளைகளைக் கண்டால் இவனுக்கு ஆர்வம் வருகிறதா? பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறானா? ஒரு பொருளை உங்களுக்குக் காட்டுவதற்கென்றே எடுத்து வருகிறானா? பிடித்ததைக் கண்டால் விரல் நீட்டிச் சுட்டுகிறானா? ஆமாம், இல்லை என்று சொன்னால் போதும். சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

தோட்டப்புறத்துத் தாய்மாரிடமிருந்து அந்தச் சில நிமிடங்களில் அடிக்கடி வரும் பதில், "எல்லாம் சரிதான், மிஸ்ஸி." அது எப்போது உண்மை, எப்போது பயம், எப்போது வெறும் மரியாதை என்று பிரித்தறிவதுதான் குழந்தை வளர்ச்சிக் கணிப்பில் ஆகக் கடினமான வேலை. மூளையைப் படம்பிடிக்கும் கருவிகள் எத்தனையோ வந்துவிட்டன. ஆனாலும் ஒன்றரை வயதுப் பிள்ளையின் மூளை எப்படி வளர்கிறது என்று ஒரு சின்னக் கிளினிக்கில் தெரிந்துகொள்ள, இன்றைக்கும் முதல் சாட்சி அதை வளர்ப்பவரின் வாய்ச்சொல்தான்.

இந்த வட்டாரத்துப் புக்கிட் பெலண்டோக் என்ற ஊரின் பெயரை வெளியுலகம் அறிந்தது வேறொரு காரணத்தால், ஆனால் அதிலும் இப்படியொரு சாட்சி இருக்கிறது. 1998 இறுதியில் பேராக்கில் தலைகாட்டிய மூளைக்காய்ச்சல், அடுத்த சில மாதங்களில் நெகிரி செம்பிலானின் இந்தப் பகுதிப் பன்றிப் பண்ணைகளில் கொடூரமாகப் பரவியது. மலேசியாவில் 265 பேர் நோயுற்றார்கள்; 105 பேர் இறந்தார்கள்; பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் கொல்லப்பட்டன. கொசுவால் வரும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று நினைத்துத்தான் முதலில் மருந்து அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். அந்த நோய் பெரும்பாலும் பிள்ளைகளைத் தாக்குவது. இங்கே விழுந்தவர்களோ பன்றிகளோடு நேரடியாகப் புழங்கிய பெரியவர்கள். ஊசி போட்டுக்கொண்டவர்களும் அவர்களில் இருந்தார்கள். 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் ஆய்வாளர் சுவா காவ் பிங் ஒரு புதிய கிருமியைக் கண்டார். பக்கத்துச் சுங்கை நிப்பாவின் பெயர் அதற்கு வந்தது. யார் விழுகிறார்கள், அவர்கள் எதைத் தொட்டுப் புழங்கினார்கள் என்று பக்கத்தில் இருந்தவர்கள் கண்ணால் கண்டதிலேயே துப்பு இருந்தது. பக்கத்தில் இருப்பவர் சொல்வதைக் கேட்பது மருத்துவத்தில் எவ்வளவு பெரிய காரியம் என்பதற்கு இந்த வட்டாரத்தை விட வேறு சாட்சி வேண்டாம்.

குழந்தை வளர்ச்சியில் அந்தச் சாட்சி ஏன் இவ்வளவு முக்கியம் என்று பார்க்க, மூளைக்குள் நடப்பதைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். பிறக்கும்போதே நரம்புச் செல்கள் அநேகமாக முழுமையாக இருக்கின்றன. பிறகு பெருகுபவை அவற்றுக்கு இடையிலான இணைப்புகள். செல்லிலிருந்து நீளும் இழைகளைச் சுற்றி மயலின் என்ற கொழுப்புறையும் படர்கிறது. உறை படர்ந்த இழையில் செய்தி பல மடங்கு வேகமாக ஓடும். உடலைத் தாங்கும் தசைகள் ஏறக்குறைய மேலிருந்து கீழாகக் குழந்தையின் கட்டுப்பாட்டுக்கு வருகின்றன. முதலில் தலை நிற்கிறது, பிறகு முதுகு நிமிர்கிறது, பிறகு இடுப்பு, கடைசியில் கால். குப்புற விழுந்து, உட்கார்ந்து, பிடித்து எழுந்து, தத்தித் தத்தி நடக்கும் வரிசை இதிலிருந்து வருவது.

வருவதைப் பார்ப்பது போலவே போவதையும் மருத்துவர் பார்க்கிறார். புதிதாகப் பிறந்த பிள்ளையின் உள்ளங்கையில் விரலை வைத்தால் இறுகப் பற்றிக்கொள்ளும். பாசத்தால் பிடிக்கிறது என்று நாம் உருகிப்போவோம். ஆனால் அது தண்டுவடத்தோடு நின்றுவிடும் ஓர் அனிச்சைச் செயல். நான்கு முதல் ஆறு மாதத்துக்குள் அது மங்கினால்தான், தானே விரும்பி ஒன்றைப் பற்றும் திறமைக்கு இடம் கிடைக்கும். மங்காமல் நின்றால் கவனிக்க வேண்டும். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஏழெட்டு மாதத்திலேயே பிள்ளை எல்லாவற்றையும் ஒரே கையால் எடுத்தால், "இப்பவே சோத்துக்கை பழகிட்டான்" என்று பாட்டி பெருமைப்படுவார். ஒரு வயதுக்கு முன் ஒரு கை மட்டும் முந்திக்கொள்வது, மற்றக் கையில் பலக்குறைவு இருக்கக்கூடும் என்பதற்கான அறிகுறி. பாட்டி கண்டது சரி, அதன் பொருள்தான் வேறு. அதனால் அதை வீட்டோடு வைத்துக்கொள்ளாமல் கிளினிக்கில் சொல்ல வேண்டும்.

எந்த மாதத்தில் எது வர வேண்டும் என்பதில்தான் வீடுகளில் சண்டை. நாத்தனார் பிள்ளை பத்து மாதத்தில் நடந்தது, இது பதினாலு மாதமாகியும் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது என்று அழும் தாய்மார் உண்டு. உலகச் சுகாதார நிறுவனம் இந்தியா, கானா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகளில் நன்றாக வளரும் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2006இல் ஒரு கணக்கை வெளியிட்டது. பிடிமானமில்லாமல் உட்காருவது 3.8 மாதத்திலிருந்து 9.2 மாதத்துக்குள், தனியாக நடப்பது 8.2 மாதத்திலிருந்து 17.6 மாதத்துக்குள். நடைக்கு மட்டும் இடைவெளி ஒன்பது மாதத்துக்கும் மேல்! பத்து மாதத்தில் நடந்த பிள்ளையும் பதினாறு மாதத்தில் நடந்த பிள்ளையும் இந்தக் கணக்கில் சமமான ஆரோக்கியம் உடையவர்கள். அந்த ஆய்வில் 4.3 விழுக்காட்டுப் பிள்ளைகள் முழங்காலும் கையும் ஊன்றித் தவழவே இல்லை. தவழாமலேயே எழுந்து நடந்துவிட்டார்கள். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2022இல் தன் வளர்ச்சிப் பட்டியலைத் திருத்தியபோது தவழ்தலை எடுத்தேவிட்டது. குறைமாதத்தில் பிறந்த பிள்ளைக்கு இன்னொரு கணக்கும் சேர்க்க வேண்டும். எட்டு வாரம் முந்திப் பிறந்த பிள்ளையை அதன் ஒன்பதாம் மாதத்தில் ஏழு மாதப் பிள்ளையாகத்தான் பார்க்க வேண்டும். இரண்டு வயது வரை இந்தக் கழிவு உண்டு.

ஆக, இடைவெளிக்குள் இருக்கும்வரை அக்கம்பக்கத்துப் பேச்சைப் பொருட்படுத்தத் தேவையில்லை. பதினெட்டு மாதமாகியும் நடக்காத பிள்ளை அந்த இடைவெளியைத் தாண்டிவிட்டது. அப்போது காத்திருப்பதற்குக் காரணம் எதுவும் இல்லை.

மாதங்களை எண்ணிக் குழந்தையைக் கவனிப்பது நமக்குப் புதிதா என்ன? பிள்ளைத்தமிழ் நூல்கள் முழுவதும் அந்தக் கணக்கின் மேல் நிற்பவை. ஐந்தாம் மாதம் போலக் கைகளை ஊன்றித் தலையை நிமிர்த்தி ஆடும் செங்கீரை. ஒன்பதாம் மாதம் போலக் கையோடு கை தட்டும் சப்பாணி. ஓராண்டை ஒட்டித் தளர்நடையிட்டு வரும் வருகை. மாத எண்ணிக்கை நூலுக்கு நூல் சற்று மாறும், வரிசை பெரும்பாலும் மாறாது. இன்றைய மருத்துவர் ஒன்பதாம் மாதத்தில் பார்ப்பதும் ஏறத்தாழ இதையேதான்: இரண்டு கையும் நடுவில் வந்து சேர்கின்றனவா, எதிரில் இருப்பவர் செய்வதைப் பார்த்துச் செய்கிறதா?

இவற்றில் எனக்கு மிகவும் வியப்பளிப்பது அம்புலிப் பருவம். ஒன்றரை வயதை ஒட்டிய பிள்ளைக்கு நிலாவைக் காட்டி, நிலாவை விளையாட அழைக்கும் பருவம். இடுப்பில் இருக்கும் பிள்ளைக்குத் தாய் வானத்தை நோக்கி விரல் நீட்டுகிறாள். பிள்ளை அவள் விரலைப் பார்த்துவிட்டு நின்றுவிடாமல், விரல் காட்டும் திசையில் கண்ணை ஓட்டி நிலாவைப் பிடிக்கிறது. பிறகு திரும்பித் தாயின் முகத்தைப் பார்க்கிறது. நீயும் அதைத்தான் பார்க்கிறாயா என்று கேட்காமல் கேட்கிறது. சில நாளில் தானே விரல் நீட்டித் தாய்க்கு நிலாவைக் காட்டத் தொடங்குகிறது. இரண்டு மனிதர்கள் மூன்றாவது ஒன்றின் மேல் சேர்ந்து கவனம் வைப்பது. பேச்சு இதன் மேல்தான் ஏறி வருகிறது. தாய் 'நிலா' என்கிறபோது எதைச் சொல்கிறாள் என்பதை அவள் கண் போகும் திசையை வைத்துத்தானே பிள்ளை கண்டுபிடிக்க வேண்டும்?

எம்-சாட் என்று சொல்லப்படும் அந்தக் கேள்வித்தாளின் மையமும் இதுதான். அமெரிக்க உளவியலாளர் டயானா ராபின்ஸும் அவரோடு பணியாற்றியவர்களும் 2001இல் 23 கேள்விகளோடு வெளியிட்டு, பின்பு 20 ஆகச் சுருக்கியது அது. மலேசிய அரசு கிளினிக்குகளில் பதினெட்டு மாதத்திலும் மூன்று வயதிலும் கேட்கப்படுகிறது. அதில் சுட்டுவது பற்றி ஒன்றுக்கு மேற்பட்ட கேள்விகள் இருப்பதற்குக் காரணம் உண்டு. பிஸ்கட் டின்னைக் காட்டி 'வேணும்' என்று சுட்டுவது ஒன்று. வாசலில் போகும் டிராக்டரைக் காட்டி 'பாரு' என்று சுட்டுவது இன்னொன்று. ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் பலருக்கு முதலாவது எப்படியோ வந்துவிடும். தாயின் கையைப் பிடித்து இழுத்துப்போய் டின்னின் மேல் வைத்தாவது காரியத்தை முடித்துக்கொள்ளும். இரண்டாவதுதான் வராமல் நிற்கும். "கை காட்டுவானா?" என்று மொட்டையாகக் கேட்டால் தாய் "காட்டுவான்" என்பார். பொய் சொல்லவில்லை. டின்னை நினைத்துச் சொல்கிறார்.

இந்தத் தாளில் தவறினால் ஆட்டிசம் என்று முடிவாகிவிட்டதா? இல்லை. இது சல்லடை போன்றது. எது நிற்கிறது என்று காட்டும், நின்றது என்னவென்று சொல்லாது. 2014இல் ராபின்ஸ் குழுவினர் 16,071 சிறு பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வை வெளியிட்டார்கள். தாளில் சந்தேகம் வந்து, பிறகு தாயிடம் விவரமாகப் பேசியும் சந்தேகம் தீராமல் நின்ற பிள்ளைகளில் 47.5 விழுக்காட்டினருக்கு ஆட்டிசம் இருந்தது. பாதிக்கும் குறைவு. ஆனால் அவர்களில் 94.6 விழுக்காட்டினருக்கு ஏதாவது ஒரு வளர்ச்சித் தாமதமோ அதைப் பற்றிய கவலையோ இருந்தது. பேச்சாக இருக்கலாம், அறிவு வளர்ச்சியாக இருக்கலாம். பெயர் மாறினாலும் உதவி தேவை என்பது மாறவில்லை. அந்த 'விவரமாகப் பேசுவது' என்ற இரண்டாம் படியைக் கவனியுங்கள். 'ஆமாம்-இல்லை'யோடு நிறுத்தாமல், எப்போது, எப்படி, ஓர் உதாரணம் சொல்லுங்கள் என்று கேட்கும் உரையாடல் அது. நெரிசலான கிளினிக்கில் முதலில் பலியாவதும் அதுதான்.

கருவி எளிமையாக இருந்தால்தான் கடைசிக் கிளினிக்கு வரை போய்ச் சேரும் என்பதை நன்றாக உணர்ந்தவர்கள் திருவனந்தபுரத்துக்காரர்கள். அங்குள்ள குழந்தை வளர்ச்சி மையத்தில் மருத்துவர் எம்.கே.சி. நாயர் குழுவினர் 1991இல் வெளியிட்ட அட்டவணை ஒரே பக்கம்தான். பிறப்பு முதல் இரண்டு வயது வரை 17 செயல்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு கறுப்புப் பட்டை. நூற்றில் மூன்று பிள்ளைகள் அதைச் செய்யத் தொடங்கும் மாதத்தில் பட்டை ஆரம்பிக்கிறது, தொண்ணூற்றேழு பிள்ளைகள் செய்துவிடும் மாதத்தில் முடிகிறது. குழந்தையின் வயது எங்கே வருகிறதோ அங்கே ஒரு பென்சிலை நிமிர்த்தி வைத்தால் போதும். பென்சிலுக்கு இடப்பக்கம் முழுதாக முடிந்துவிட்ட பட்டையில் உள்ள ஒன்றைக் குழந்தை இன்னும் செய்யவில்லை என்றால், பெரிய மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். அங்கன்வாடி ஊழியர்கூடப் பார்த்துவிடலாம்.

கேள்வி எந்த வாழ்க்கையை மனத்தில் வைத்து எழுதப்பட்டது என்பதும் முக்கியம். படியேறுவானா என்று ஒரு பட்டியல் கேட்கும். லயத்து வீட்டில் படி ஏது? கரண்டியால் தானே சாப்பிடுவானா என்று கேட்கும். நம் வீடுகளில் மூன்று வயது வரை பாட்டி ஊட்டிவிடுவார். பிள்ளை கரண்டியைத் தொட்டே இருக்காது. அதைத் தாமதம் என்று குறித்தால் பிழை, கேட்காமல் விட்டாலும் பிழை. தட்டில் சிந்திய பொரியைப் பெருவிரலும் ஆட்காட்டி விரலும் சேர்த்துக் கிள்ளி எடுக்கிறானா என்று கேட்டால், கரண்டிக்கேள்வி அறிய நினைத்ததில் பெரும்பகுதி அந்த ஒரு பொரியிலேயே தெரிந்துவிடும். பத்து மாதத்தை ஒட்டி வரும் பிடி அது. தரையில் கிடப்பதையெல்லாம் பொறுக்கி வாயில் போடுகிறான் என்று அம்மா திட்டுவார்களே, அதே பிடிதான்.

இனி, மொழி. கிளினிக்கில் தமிழ் மிஸ்ஸி இருந்தால் நல்லது. இல்லாத நாளில் கேள்வி மலாயில் வரும். "அனாக் சுடா பண்டாய் சக்காப்?" பிள்ளை பேசக் கற்றுக்கொண்டதா என்று கேட்கிறார். "சுடா, மிஸ்ஸி" என்று தாய் தலையாட்டுகிறார். ஒன்றரை வயதுப் பிள்ளை 'பாபாபா' என்று சத்தமிடுவதும் பேச்சுத்தான், 'பால்' என்று கேட்பதும் பேச்சுத்தான், 'பால் வேணும்' என்று இரண்டு சொல்லைக் கோப்பதும் பேச்சுத்தான். இம்மூன்றுக்கும் இடையில் ஓர் ஆண்டுக்கு மேற்பட்ட வளர்ச்சி இருக்கிறது. இரண்டு பேருமே நல்ல மனத்தோடு பேசியிருக்கிறார்கள், ஆனால் பிள்ளையின் கிளினிக் புத்தகத்தில் விழுந்த 'சரி' எதையும் சொல்லவில்லை.

வீட்டில் தமிழும் வெளியில் மலாயும் கேட்டு வளர்வதால்தான் பிள்ளை பேசவில்லை என்று சொல்லித் தட்டிக்கழிப்பதும் வழக்கமாகிவிட்டது. இரண்டு மொழி கேட்பதால் பேச்சுக்கோளாறு உண்டாவதில்லை. எண்ணுவதைத்தான் சரியாக எண்ண வேண்டும். அம்மாவிடம் 'பால்' என்றும் பாலர் காப்பகத்தில் 'சூசூ' என்றும் கேட்கும் பிள்ளைக்கு அவை இரண்டு சொற்கள். இரு மொழியிலும் உள்ளதைக் கூட்டினால் எண்ணிக்கை வயதுக்கு ஏற்றதாக இருக்கும். கூட்டியும் குறைவாக இருந்தால் மொழியின் மேல் பழி போடாமல் காதைச் சோதிக்க வேண்டும். பிள்ளையோடு தமிழ் பேசுவதை நிறுத்துங்கள் என்று யாராவது ஆலோசனை சொன்னால், அதைக் கேட்க வேண்டாம். தாய்க்குச் சரளமாக வருவது எந்த மொழியோ அதில்தான் அவளால் கதை சொல்லவும் கொஞ்சவும் கோபிக்கவும் முடியும். பிள்ளைக்கு வேண்டியது அந்தப் பேச்சின் அளவும் உயிர்ப்பும்.

காதைப் பற்றிச் சொல்ல வேண்டும். முதுகுக்குப் பின்னால் தட்டைத் தட்டிப் பார்த்துவிட்டு, "திரும்பறானே, காது நல்லாத்தான் கேக்குது" என்று நிம்மதியடைகிறோம். சத்தத்தின் தாழ்ந்த அலைகளை மட்டும் கேட்கும் பிள்ளையும் திரும்பும். தரையதிர்வை உணரும் பிள்ளையும் திரும்பும். பேச்சில் வரும் 'ச', 'த' போன்ற மெல்லிய ஓசைகள் அந்தப் பிள்ளைக்குக் கேட்காமலே போகலாம். சளி பிடித்துப் பிடித்து நடுக்காதில் நீர் கோத்துக்கொண்ட பிள்ளைக்கும் இந்த நிலை வரும். உலகளவில் பின்பற்றப்படும் விதி ஒன்று இருக்கிறது: ஒரு மாதத்துக்குள் செவிச்சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதிப்படுத்தல், ஆறு மாதத்துக்குள் உதவி. கிறிஸ்டின் யோஷினாகா-இட்டானோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1998இல் வெளியிட்ட முடிவு இதற்குப் பெரிய ஆதாரம். ஆறு மாதத்துக்குள் கண்டறிந்து உதவி கிடைத்த பிள்ளைகளின் மொழி, பின்னால் கண்டறியப்பட்டவர்களைவிடத் தெளிவாக மேம்பட்டிருந்தது. மூளையின் கேட்கும் பகுதி, ஓசை வராவிட்டால் ஓசைக்காக என்றென்றும் காத்துக்கொண்டிருப்பதில்லை.

"ஆம்பளப் பிள்ளை, மெதுவாத்தான் பேசுவான்." "அவங்கப்பாவும் மூணு வயசுலதான் வாயைத் தொறந்தான்." இந்தச் சொற்களில் அன்பு இருக்கிறது, மருமகளைத் தேற்றும் பெரிய மனமும் இருக்கிறது. தாமதமாகப் பேசி நன்றாக வந்த பிள்ளைகளும் உண்டு. ஆனால் எந்தப் பிள்ளை தானே எட்டிப்பிடிக்கும், எது பிடிக்காது என்று பதினெட்டு மாதத்தில் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. எட்டிப்பிடிக்கும் பிள்ளைக்குச் சோதனையால் ஒரு நாள் சம்பளம் நட்டம். பிடிக்காத பிள்ளைக்குக் காத்திருப்பால் போவது, மூளை மிக எளிதாக வளைந்துகொடுக்கும் ஆண்டுகள். பன்னிரண்டு மாதமாகியும் மழலைச் சத்தமோ கையசைப்போ இல்லை; பதினாறு மாதமாகியும் ஒரு சொல் இல்லை; இரண்டு வயதாகியும் தானாக இரண்டு சொல் சேர்க்கவில்லை; எந்த வயதிலானாலும் இருந்த பேச்சு போய்விட்டது. இவற்றில் ஒன்று இருந்தாலும் அடுத்த ஊசி நாள் வரை பொறுக்க வேண்டாம்.

முந்திப் பார்ப்பதன் பயனை இந்த நாடு ஏற்கெனவே கண்டிருக்கிறது. பிறந்தவுடன் தொப்புள்கொடி இரத்தத்தில் தைராய்டுக் குறைபாட்டையும் ஜி6பிடி என்ற நொதியின் குறைபாட்டையும் சோதிக்கிறார்கள். தைராய்டு சுரக்காத பிள்ளைக்கு முதல் இரண்டு வாரத்துக்குள் மாத்திரை தொடங்கினால் அறிவு வளர்ச்சி மற்றப் பிள்ளைகளைப் போலவே அமையும். மாதக்கணக்கில் விட்டால் மீளாத பாதிப்பு. ஜி6பிடி குறைந்த பிள்ளையின் துணிப்பெட்டியில் பாச்சை உருண்டை போடாதீர்கள் என்று மிஸ்ஸி சொல்வது ஏன்? அதிலுள்ள நாப்தலின் இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும், மஞ்சள் காமாலை ஏறும், அளவு மீறினால் மூளையில் படிந்து கேட்கும் திறனையும் தசைக்கட்டுப்பாட்டையும் கெடுக்கும். பிரசவித்த வீட்டுக்கே மிஸ்ஸி தேடி வந்து, பிள்ளையை வெளிச்சத்தில் வைத்துத் தோலை அழுத்திப் பார்ப்பது இதற்காகத்தான். வளர்ச்சிக் கணிப்பு அந்த வேலையின் தொடர்ச்சி.

தோட்டத்தில் இந்தக் கணிப்பு வேறு வடிவத்தில் முன்பே இருந்தது என்று நான் நினைக்கிறேன். தோட்டம் தனியார் நிலம் என்பதால், சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் அரசு கட்டியெழுப்பிய கிராமச் சுகாதாரச் சேவை தோட்டத் தொழிலாளரைச் சரிவரத் தொடவில்லை. நோய் நொடி என்றால் தோட்டத்து மருத்துவ உதவியாளரான டிரஸர்தான். அவரிடம் வளர்ச்சி அட்டவணை ஏதும் இருந்ததில்லை. ஆனால் ஆயாக்கொட்டகை இருந்தது. விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகும் தாய்மார் பிள்ளைகளை ஆயாவிடம் விட்டுப்போவார்கள். ஒரே வயதுப் பிள்ளைகள் பலர் ஒரே கூரையின் கீழ், ஏணைகளிலும் தரையிலும், நாள் முழுக்க ஒரே பெண்ணின் கண்ணெதிரில். எந்தப் பிள்ளை உட்கார வேண்டிய காலத்தில் உட்காரவில்லை, எது கூப்பிட்டால் திரும்பவில்லை, எது தனியாகவே ஒதுங்கிக் கிடக்கிறது என்று அவளுக்குத் தெரியாமல் இருந்திருக்காது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு அவள் எதிரிலேயே பத்துப் பதினைந்து பிள்ளைகள். அவள் கண்டதை எடுத்துச் சொல்லவோ, சொன்னால் கேட்டுக்கொள்ளவோதான் அன்று ஆள் இல்லை.

இன்று நிலை தலைகீழ். இரப்பர் போய்ச் செம்பனை வந்தது; வேலைக்கு வெளிநாட்டுத் தொழிலாளர் வந்தார்கள்; நம் குடும்பங்கள் பல தாமான் குடியிருப்புகளுக்கும் மலிவுவிலை அடுக்குமாடிகளுக்கும் பெயர்ந்துவிட்டன. கேட்பதற்குக் கிளினிக்கு இருக்கிறது, தாள் இருக்கிறது. ஆனால் பிள்ளை வீட்டுக்குள் தனியாக, பாட்டியோடு, பெரும்பாலும் ஒரு கைபேசியோடு. பார்த்து ஒப்பிட இன்னொரு பிள்ளை இல்லை. இரண்டு வயதுக்குக் கீழே திரை வேண்டாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது. திரை பிள்ளைக்கு நிலாவையும் காட்டும்; ஆனால் பிள்ளை திரும்பித் தன் முகத்தைப் பார்க்கிறதா என்று அது கவனிப்பதில்லை.

கணிப்பில் சந்தேகம் வந்தால் அடுத்து எங்கே என்ற கேள்விக்கு விடை இருக்கிறது. கிளினிக்கு மருத்துவர் பார்த்துவிட்டுச் சிரம்பான் துவாங்கு ஜாஃபார் மருத்துவமனைக்குக் கடிதம் கொடுக்கலாம். செவிச்சோதனை, பேச்சுப் பயிற்சி, தொழில்சார் சிகிச்சை எல்லாம் அரசுச் சேவையில் உண்டு, வரிசைதான் நீளம். சமூக மறுவாழ்வு மையங்களான பிடிகே 1984இல் திரங்கானுவின் பத்து ராக்கிட்டில் ஒன்றாகத் தொடங்கி இன்று நாடெங்கும் பரவியிருக்கின்றன. மாற்றுத்திறனாளிகளுக்கான ஓகேயு அட்டை வாங்குவதைப் பிள்ளை மேல் குத்தும் முத்திரையாகச் சிலர் எண்ணுகிறார்கள். பிள்ளைக்குச் சேர வேண்டிய உதவித்தொகைக்கும் சிறப்புக்கல்விக்கும் அது கதவு. அதைத் தள்ளிப்போட்டால் பிள்ளையின் நிலை மாறப்போவதில்லை, உதவி மட்டும்தான் தாமதமாகும். வரிசையில் காத்திருக்கும் மாதங்களும் சும்மா போக வேண்டியதில்லை. தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் பல ஆண்டுகளாகச் செய்துவருவது போல, ஊழியர் வீட்டுக்கே போய்த் தாய்க்கும் பாட்டிக்கும் பயிற்சி சொல்லிக்கொடுத்தால், மருத்துவமனைக்குப் போகாத நாட்களிலும் பிள்ளைக்குச் சிகிச்சை நடக்கும். செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே சிதறிக் கிடக்கும் நம் குடும்பங்களுக்கு இந்த முறைதான் பொருந்தும் என்பது என் எண்ணம்.

இதற்கெல்லாம் முன்னதாக அந்தச் சில நிமிடங்கள் ஒழுங்காக நடக்க வேண்டும். ஊசி போடுவதற்கு முன்பே கேள்விகளைக் கேட்டுவிட வேண்டும். ஊசிக்குப் பிறகு பிள்ளை வீறிடும்போது எந்தத் தாயும் 'சரி, சரி' என்று சொல்லிவிட்டு ஓடத்தான் பார்ப்பார். பகலெல்லாம் பிள்ளையைப் பார்த்துக்கொள்வது பாட்டி என்றால் பாட்டியையும் அழைத்துப்போக வேண்டும். மலாயில் தயக்கம் இருந்தால், புரியவில்லை என்று சொல்வதில் வெட்கமில்லை. எம்-சாட் தமிழிலும் இருக்கிறது, அதைக் கேட்கலாம். சந்தேகமாக இருப்பது எதுவோ அதைக் கைபேசியில் ஒரு நிமிடம் படம்பிடித்துக் கொண்டுபோனால் இன்னும் நல்லது. மூன்று முறை பெயர் சொல்லிக் கூப்பிட்டும் பிள்ளை திரும்பாதது, லாரிச் சக்கரத்தை மட்டும் அரைமணி நேரம் சுற்றிக்கொண்டிருப்பது, ஒரு காலை இழுத்து நடப்பது. கிளினிக்கில் புது முகங்களைக் கண்டு உறைந்துபோகும் பிள்ளை இவற்றில் எதையும் அங்கே செய்து காட்டாது. மொழி தெரியாத மருத்துவரும் அந்தப் படத்தைப் பார்த்துப் புரிந்துகொள்வார்.